ரசிகர் திருவிழாவில் ஓர் ஓவியரின் கடை

பெங்களூரில் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் ஒரு திருவிழாவைப் பற்றி இளைஞர்கள் உள்ள வீடுகளில் அனைவரும் அறிவர். மற்ற வீடுகளில் அநேகமாக யாரும் அறியார். அதன் பெயர் காமிக் கான். சித்திரக்கதைகள், அறிவியல் கற்பனைப் படங்கள், ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் ஆகியவற்றின் ரசிகர்கள் ஒன்றுகூடும் விழா இது. ஒயிட்பீல்டு பகுதியில் உள்ள கே.டி.பி.ஓ. கண்காட்சி வளாகத்தில் இது பல முறை நடந்துள்ளது. அந்த நாட்களில் அவ்வழியே செல்லும் நகரப் பேருந்துகளில் சிலந்தி மனிதனும் வௌவால் மனிதனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம். தமக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடையைத் தாமே தைத்து அணிந்து வருவது இவ்விழாவின் வழக்கம்.

உள்ளே பெரிய கம்பெனிகளின் அரங்குகள் பளபளக்கின்றன. அவற்றைத் தாண்டிச் சென்றால் ஒரு பக்கத்தில் சிறு சிறு மேஜைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். மேஜைக்கு ஒருவர் வீதம் ஓவியர்கள் அமர்ந்திருப்பார்கள். தாம் வரைந்த படங்களைத் தாமே விற்கும் இப்பகுதியை ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்கிறார்கள். நாம் ஓவியர் சந்து என்று வைத்துக்கொள்ளலாம். இக்கட்டுரை அந்தச் சந்தைப் பற்றியது. குறிப்பாக, இத்தகைய கண்காட்சிகளில் சில ஆண்டுகளாகக் கடை போட்டு வரும் அல்சூரைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் அனுபவத்தைப் பற்றியது.

விழா பிறந்த கதை

ரசிகர் மாநாடு என்பது நேற்று முளைத்ததல்ல. 1939-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் கற்பனை மாநாடு நடந்தது. அதற்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் எழுத்தாளர் அல்லர், ஓவியர். பத்திரிகை அட்டைகளில் விண்வெளிக் கப்பல்களையும் வேற்றுக் கிரகவாசிகளையும் தீட்டிப் புகழ் பெற்ற பிராங்க் ஆர். பால் என்பவரே அவர். ரசிகர்கள் ஓவியருக்குக் கொடுத்த மதிப்பு அவ்வளவு.

மதிப்பு இருந்ததே தவிர, வருமானம் வேறு கதை. அக்காலத்து மாநாடுகளில் பத்திரிகை அலுவலகங்கள் நன்கொடையாக அனுப்பிய மூல ஓவியங்களை ஏலம் விடுவார்கள். வசூலான பணம் மாநாட்டுச் செலவுக்குப் போகும். வரைந்தவருக்கு அதில் பங்கில்லை. பத்திரிகை ஒரு முறை கொடுத்த கூலியோடு அவர் கணக்கு முடிந்துவிடும்.

பின்னர் 1970-இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் சித்திரக்கதை ரசிகர்களின் மாநாடு தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று நாள் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர்தான். இன்று அதற்கு வருவோர் லட்சத்தைத் தாண்டுகின்றனர். 1975 டிசம்பரில் டோக்கியோவில் ‘காமிக்கெட்’ என்ற சந்தை தொடங்கியது. தாமே வரைந்து தாமே அச்சிட்ட புத்தகங்களை ரசிகர்கள் விற்பதற்கென்றே ஏற்பட்டது அது. முதல் சந்தையில் 32 குழுக்கள் கடை போட்டன. வந்தவர்கள் எழுநூறு பேர் இருக்கலாம். இப்போது அங்கே கடை போடுவோரின் எண்ணிக்கையே ஆயிரக்கணக்கில்.

இந்தியாவில் முதல் காமிக் கான் 2011 பிப்ரவரியில் டெல்லி தில்லி ஹாட்டில் நடந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 2012-இல், பெங்களூருக்கும் வந்துவிட்டது. ஓவியர் தம் படத்துக்குத் தாமே விலை சொல்லி, காசைத் தம் கையால் வாங்கும் வழக்கம் இப்படித்தான் நம் ஊர் வந்து சேர்ந்தது.

தந்தை பேனர், மகள் பிரிண்ட்

நாம் சந்தித்த ஓவியர் தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. பகலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் அவருக்கு வேலை. இரவில் சொந்த ஓவியம். அவருடைய தந்தை ஒரு காலத்தில் பெங்களூர்த் தியேட்டர்களுக்கு சினிமா பேனர் வரைந்தவர். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சாரத்தில் ஏறி நின்று கதாநாயகனின் மூக்கை மட்டும் ஆறடி உயரத்துக்குத் தீட்டிய கைகள் அவருடையவை. கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் பிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பின்னர் 2018-இல் பெங்களூர் மாநகராட்சி பிளெக்ஸுக்கே தடை விதித்தது. ஆனால் போன தூரிகை வேலை திரும்பி வரவில்லை.

“அப்பா வரைந்த பேனர் எதிலும் அவர் பெயர் இல்லை. எங்கோ மூலையில் கம்பெனி பெயர் இருக்கும். படம் ஓடி முடிந்ததும் அந்தத் துணியின் மேலேயே வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைவார்கள். அவர் கைப்பட வரைந்த ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அதனால்தான் என் மேஜையில் என் பெயர்ப் பலகையை முதலில் வைத்தேன்” என்கிறார் மகள்.

கடை போடுவது எப்படி?

மேஜை கிடைப்பது முதல் வேலை. பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, தம் படைப்புகளின் மாதிரிகளை அனுப்ப வேண்டும். அமைப்பாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இடம் கிடைத்ததும் வாடகையைக் கட்ட வேண்டும். அதன் பிறகு அச்சகம். மூல ஓவியத்தை விற்பது இங்கே அபூர்வம். ஒரு படத்தை நல்ல கனமான தாளில் பல பிரதிகள் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் அட்டை வைத்துச் செருகி விற்பதே வழக்கம். இதை பிரிண்ட் என்கிறார்கள். இத்துடன் ஸ்டிக்கர், புத்தக அடையாள அட்டை, சிறு சித்திரக்கதைப் புத்தகம் ஆகியவையும் உண்டு. வருகிறவரை எதிரில் நிறுத்திப் பத்து நிமிடத்தில் அவர் முகத்தைக் கார்ட்டூனாக வரைந்து கொடுப்பதும் உண்டு.

எதை எத்தனை பிரதி அடிப்பது என்பதில்தான் சூதாட்டம் இருக்கிறது. குறைவாக அடித்தால் முதல் நாள் மாலையே தீர்ந்துவிடும். அதிகம் அடித்தால் கட்டில் அடியில் தூங்கும். நம் ஓவியர் ஆறு வாரம் இரவு கண் விழித்து இருபது படங்கள் தயார் செய்தார். அவற்றில் பதினான்கு, உலகெங்கும் தெரிந்த நாயகர்களின் படங்கள்: பேட்மேன், ஸ்பைடர்மேன், ஜப்பானிய நாருட்டோ, லூஃபி போன்றவர்கள். ஆறு அவருடைய சொந்தக் கற்பனை. இவற்றுடன் பெங்களூர்க் கரகத் திருவிழாவைப் பற்றி அவரே எழுதி வரைந்த 24 பக்கச் சித்திரக்கதை ஒன்று.

கரகம் நம் வாசகர்களுக்குப் புதியதல்ல. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து மல்லிகைப் பூவால் அலங்கரித்த கரகம் புறப்படுகிறது. பெண் கோலத்தில் அதைத் தலையில் தாங்கி வருபவர் கையால் தொடுவதில்லை. கத்தி ஏந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வர, மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. அந்த இரவு முழுவதும் கூட்டத்தின் பின்னாலேயே ஓடும் ஒரு சிறுமியின் கதைதான் அப்புத்தகம்.

இரண்டு நாள் வியாபாரம்

காலை கதவு திறந்ததிலிருந்து இரவு வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. சாப்பாடு மேஜைக்கு அடியில். துணைக்குத் தங்கையோ தோழியோ வராவிட்டால் கைகழுவப் போவதும் கஷ்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்து “சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். சிலர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். “ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்” என்பவர்களில் பத்துக்கு ஒருவர் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். சிவாஜிநகரில் துணி வாங்குவது போல “இரண்டு எடுத்தால் எவ்வளவு?” என்று பேரம் பேசுபவர்களும் உண்டு. இவர்களிடம் அவர் கோபித்துக்கொள்வதில்லை. மூன்று எடுத்தால் ஒரு ஸ்டிக்கர் இலவசம் என்று முன்னாலேயே எழுதி வைத்துவிடுகிறார்.

சில ஆண்டுகளாக ஒரு புதுக் கேள்வியும் சேர்ந்திருக்கிறது: “இது நீங்கள் வரைந்ததா, கம்ப்யூட்டர் செய்ததா?” செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தால் நொடியில் படம் வந்துவிழும் காலம் இது. முதல் தடவை இக்கேள்வி கேட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது என்கிறார். இப்போது பென்சிலில் போட்ட முதல் கோடுகள் கொண்ட ஆல்பத்தை மேஜையிலேயே வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் வாயால் பதில் சொல்லாமல் ஆல்பத்தைத் திறந்து காட்டுகிறார். அதைப் புரட்டியவர்களில் பலர் படம் வாங்கிக்கொண்டே போகிறார்களாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

நகரில் நடந்த ஒரு கண்காட்சியில் அவர் போட்ட கடையின் வரவு செலவை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்திலிருந்து நமக்குப் படித்துக் காட்டினார்.

செலவு: மேஜை வாடகை ரூ. 9,000, பிரிண்ட்டுகள் அச்சிட ரூ. 8,400, ஸ்டிக்கர்கள் ரூ. 3,000, கரகப் புத்தகம் 100 பிரதிகள் ரூ. 7,000; உறை, அட்டை, ஸ்டாண்டு, ஆட்டோ கட்டணம் ரூ. 2,600. ஆக மொத்தம் ரூ. 30,000.

வரவு: ரூ. 200 விலையுள்ள சிறிய பிரிண்ட்டுகள் 96 விற்றதில் ரூ. 19,200, ரூ. 400 விலையுள்ள பெரியவை 21 விற்றதில் ரூ. 8,400, ரூ. 50 ஸ்டிக்கர்கள் 170-க்கு ரூ. 8,500, நேரில் வரைந்த முகப்படங்கள் 11-க்கு ரூ. 3,300, ரூ. 150 விலையுள்ள கரகப் புத்தகம் 14 பிரதிகளுக்கு ரூ. 2,100. ஆக மொத்தம் ரூ. 41,500.

மிச்சம் ரூ. 11,500. இரண்டு நாளுக்கு இது மோசமில்லை என்று தோன்றும். ஆனால் ஆறு வார இரவு உழைப்பை இதில் சேர்த்தால், தந்தை சாரத்தில் நின்று வாங்கிய கூலியே தேவலாம் போலிருக்கிறது.

அவரை உறுத்தியது மிச்சத் தொகை அல்ல. விற்ற 117 பிரிண்ட்டுகளில் 104 பிறருடைய நாயகர்கள். சொந்தப் படங்கள் 13 மட்டுமே. நூறு புத்தகத்தில் 86 வீடு திரும்பின. அன்றிரவு பெட்டியை இறக்கி வைக்கும்போது தந்தை சொன்னாராம்: “ஏம்மா, நானும் ஊரான் வீட்டுக் கதாநாயகனைத்தான் வரைந்தேன், நீயும் அதைத்தான் வரைகிறாய். எனக்குக் கூலி, உனக்கு லாபம். அவ்வளவுதானே வித்தியாசம்?”

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு கலைப் படைப்பின் உரிமை அதைப் படைத்தவரின் ஆயுட்காலத்துக்கும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பிரபல கதாபாத்திரங்களின் உரிமை கம்பெனிகளிடம் இருக்கிறது. ரசிகர் ஒருவர் தம் ஆசைக்கு வரைந்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அனுமதியின்றிப் பிரதி எடுத்து விற்றால் உரிமை மீறல் என்று வழக்குத் தொடர இடமிருக்கிறது. தம் கையால் புதிதாக வரைந்தது என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது. ஜப்பானில் உரிமையாளர்கள் ரசிகர் சந்தைகளைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றனர். ஆனால் இந்தச் சலுகை என்றைக்கும் நிலைக்கும் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது.

மறுபக்கம், எல்லோருக்கும் பொதுவான நாயகர்களும் இருக்கிறார்கள். அர்ச்சுனனையும் கண்ணகியையும் வரைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வந்தது. ஆசிரியர் கல்கி 1954-இல் மறைந்தார். 60 ஆண்டுகளும் கடந்துவிட்டன. ஆகவே வந்தியத்தேவனை ஓர் ஓவியர் தம் கற்பனைப்படி வரைந்து விற்கலாம். ஆனால் அத்தொடருக்கு மணியம் வரைந்த படங்களை அப்படியே நகலெடுப்பது வேறு விஷயம். மணியம் 1968-இல் காலமானார். அவர் ஓவியங்களின் உரிமை 2028 முடியும் வரை உண்டு. கதை பொதுவாகிவிட்டாலும் கோடு இன்னும் அவர் குடும்பத்துக்கோ பத்திரிகைக்கோ உரியதாகவே இருக்கும்.

இதே சட்டம்தான் அல்சூர் ஓவியரின் கரகச் சிறுமிக்கும் காவல். படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை.

மேஜையைத் திருப்பிப் போட்டார்

அடுத்த ஆண்டு அவர் கடையின் அமைப்பை மாற்றினார். கரகப் புத்தகம் முன்னால் வந்தது. அதன் முதல் பக்கம் பெரிய போஸ்டராகப் பின்னால் தொங்கியது. புத்தகத்தை அடுக்கி வைக்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து வைத்தார். நின்று பார்க்கிறவரிடம் “எங்கள் ஊர்க் கதை, ஒரே இரவில் நடப்பது” என்று தமிழிலோ கன்னடத்திலோ ஒரு வாக்கியம் சொன்னார். பிரபல நாயகர்கள் மேஜையின் ஓரத்துக்குப் போனார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்கு ஓய்வு கொடுத்தார்.

பலன் கலவையாக இருந்தது. முந்திய ஆண்டு மீந்த புத்தகங்களில் 41 விற்றன. ஆனால் பிரிண்ட் விற்பனை நன்றாகவே குறைந்தது. புத்தகத்துக்கு மறுபடி அச்சுச் செலவு இல்லாதபோதும் கையில் நின்றது ரூ. 9,800 மட்டுமே. அதாவது சொந்தக் கதைக்கு முன்னிடம் கொடுத்ததற்கு அவர் ரூ. 1,700 குறைவாக வாங்கிக்கொண்டார்.

“நஷ்டம்தானே?” என்று கேட்டோம்.

“ஸ்பைடர்மேன் வாங்கியவர்கள் ஸ்பைடர்மேனுக்காக வந்தார்கள். பக்கத்து மேஜையில் மலிவாகக் கிடைத்தால் அங்கே போவார்கள். கரகப் புத்தகம் வாங்கிய நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர் முதல் ஆண்டு வாங்கிய பதினாலு பேர் சொல்லி வந்தவர்கள். ஒரு பையன் அந்தச் சிறுமி மாதிரியே பாவாடை சட்டை போட்ட தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேஜை முன் நிறுத்தினான். எனக்கு ரூ. 1,700 அப்போதே கிடைத்துவிட்டது” என்று பதில் வந்தது.

நகரின் இன்னொரு சந்தை

பெங்களூர் ஓவியர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 1960-இல் நிறுவப்பட்ட கர்நாடக சித்திரகலா பரிஷத், 2003 முதல் ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் சித்திர சந்தை நடத்தி வருகிறது. குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலையின் இரு பக்கமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கடை விரிக்கின்றனர். அங்கே வருவோர் வீட்டுச் சுவருக்குப் படம் தேடுபவர்கள். தஞ்சாவூர் ஓவியமும், மைசூர் ஓவியமும், இயற்கைக் காட்சியும் நன்றாகப் போகும். மூல ஓவியத்துக்கு விலை கொடுப்பவர்கள் அங்கேதான் அதிகம்.

நம் ஓவியர் அங்கும் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறார். ரசிகர் விழாவில் வாங்குபவர் பெரும்பாலும் மாணவர். கையில் இருநூறு ரூபாய் இருக்கும். சித்திர சந்தையில் வாங்குபவர் குடும்பஸ்தர். இரண்டாயிரமும் கொடுப்பார், ஆனால் ஒரு மணி நேரம் யோசிப்பார். முன்னவர் கதாபாத்திரத்தைப் பார்க்கிறார். பின்னவர் சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார். இரண்டு இடத்திலும் ஓவியரின் பெயரைக் கேட்பவர்கள் சிலரே என்பது அவர் அனுபவம்.

புதிதாகக் கடை போட எண்ணும் இளைஞர்களுக்கு அவர் சொல்லும் யோசனைகள் இவை: முதல் ஆண்டு தனி மேஜை வேண்டாம், நண்பருடன் பாதி வாடகையில் பங்கு போடுங்கள். ஒவ்வொரு படத்திலும் சிறு பிரதிகள் குறைவாக அச்சிட்டு எது போகிறது என்று பாருங்கள். விலையை எழுதி வையுங்கள். கூச்சப்படுபவர்கள் விலை கேட்காமலே போய்விடுவார்கள். க்யூ.ஆர். அட்டையோடு கொஞ்சம் சில்லறையும் வைத்திருங்கள். கூட்டத்தில் செல்போன் இணைப்பு கிடைக்காது. நோட்டில் கணக்கு எழுதுங்கள். எவ்வளவு சிறியதானாலும் சொந்தப் படைப்பு ஒன்றாவது மேஜையில் இருக்கட்டும்.

இவ்வாண்டு அவர் கரகப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்கிறார். இம்முறை தமிழும் கன்னடமும் எதிரெதிர்ப் பக்கங்களில். பேனர் எழுத்தில் கை தேர்ந்த தந்தை அட்டைக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு தூரிகை பிடித்த அவர், ஒரே தலைப்பை ஏழு தடவை எழுதினாராம். பின்னட்டையில் ‘எழுத்து’ என்று போட்டு அவர் பெயரும் அச்சாகிறது. ரசிகர் விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வாசகர்கள் ஓவியர் சந்துப் பக்கமும் ஒரு நடை சென்று வரலாம். பிள்ளை கேட்கும் நாயகன் படத்தை வாங்கிக் கொடுங்கள். வாங்கிய பின், “உங்கள் சொந்தப் படம் எது?” என்று ஒரு வார்த்தை அந்த ஓவியரிடம் கேளுங்கள்.